வாடும் பூவும் இமைக்கும் கண்ணும்: களவியலின் ஐயம் – தெளிவு மரபில் அணங்கும் மானுட மகளும்

ஆய்வுச்சுருக்கம்

தலைவியை முதன்முதற் கண்ட தலைவன், அவள் அணங்கோ மானுட மகளோ என ஐயுறுவதும், சில அடையாளங்களால் மானுட மகளே எனத் தெளிவதும் தமிழ் அகமரபின் நிலைபெற்ற துறைகள். இவை தலைவியின் பேரழகைப் புகழும் நலம்புனைந்துரை மட்டுமே எனக் கொள்ளும் போக்கு பரவலாக உள்ளது. தெளிவுக்குரிய கருவிகளாக இலக்கணமும் இலக்கியமும் காட்டுபவை யாவும் வாடுதல், இமைத்தல், அஞ்சுதல் போன்ற மானுட இயல்புகளே என்பதையும், அவற்றைக் கண்ட பின்னரே காதல் தொடங்குகிறது என்பதையும் இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. தொல்காப்பியக் களவியல், திருக்குறளின் காமத்துப்பால், திருக்கோவையார், நளவெண்பா ஆகியவற்றை முதன்மைச் சான்றுகளாகவும், மணிமேகலையின் பீலிவளை வரலாற்றையும் காளிதாசரின் விக்கிரமோர்வசீயத்தையும் ஒப்பீட்டுச் சான்றுகளாகவும் கொண்டு இக்கட்டுரை அமைகிறது.

திறவுச்சொற்கள்: அணங்கு, ஐயம், தெளிதல், ஒப்பு, களவு, நளவெண்பா, நகை

முன்னுரை

மானிடர்க்கும் மானிடர் அல்லாதார்க்கும் இடையே தோன்றும் காதல் உலக இலக்கியங்கள் பலவற்றிலும் பயின்றுவரும் பொருள். அக்கதைகளில் அச்சமும் உண்டு; நகையும் உண்டு. வந்தவர் யார் என அறியாது மயங்குவதும், அறிந்தபின் அம்மயக்கத்தை எண்ணி நகுவதும் அவற்றின் சுவைக்கு அடிப்படை. தமிழ் அகமரபு இம்மயக்கத்தைத் தனிக்கதையாக விரிக்கவில்லை. மாறாக, ஒவ்வொரு களவுக் காதலின் வாயிலிலும் அதனை ஒரு கணமாக நிறுத்தி வைத்துள்ளது. தலைவன் ஒவ்வொருவனும் தான் கண்டவள் தெய்வமகளோ என ஒருமுறை ஐயுற்றே காதலுக்குள் நுழைகிறான்.

இந்த ஐயம் நீங்கும் முறையே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள். அழகை உயர்த்திக் கூறுதல் மட்டுமே நோக்கமாயின் ஐயத்தோடு துறை முடிந்திருக்கலாம். இலக்கணமோ ஐயத்தை அடுத்துத் தெளிவையும் வேண்டுகிறது. தெளிவுக்கான கருவிகளையும் பட்டியலிடுகிறது. அப்பட்டியல் எதனை மதிக்கிறது என்பதே எழும் வினா.

அணங்கும் அச்சமும்

அணங்கு என்னும் சொல் வருத்துதல் என்னும் வினைப்பொருளையும், வருத்தும் ஆற்றலையும், அவ்வாற்றல் உறையும் தெய்வத்தையும் சுட்டும். அச்சொல்லைப் பெண்மையின் தெய்வ ஆற்றலாக மட்டும் சுருக்கிக் காணும் போக்கை வி.எஸ். இராஜம் 1986ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் மறுத்துள்ளார். அகப்பாடலில் 'அணங்கு' என வரும் இடமெல்லாம் வெறும் அழகுச் சொல்லாகக் கொள்ளத்தக்கதன்று என்பதற்கு இவ்விவாதமே போதிய சான்று.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகிய நான்கினைக் கூறுகிறது. நான்கனுள் முதலில் நிற்பது அணங்கு. தனியிடத்தில் எதிர்ப்பட்டவள் அணங்காயின் தலைவன் கொள்ளத்தக்க மெய்ப்பாடு அச்சமே, காமம் அன்று. எனவே களவியலின் ஐயம் பாராட்டுரை என்னும் எல்லையைக் கடந்தது. அஞ்சி விலகுவதா, அன்புற்று நெருங்குவதா என்னும் இரு வழிகள் பிரியும் இடம் அது.

களவியல் நூற்பாக்களின் வைப்புமுறை இதனைத் தெளிவாக்குகிறது. ஒத்த கிழவனும் கிழத்தியும் ஊழின் ஆணையால் எதிர்ப்படுதலைக் கூறும் நூற்பா முதலில் வருகிறது. அதனை அடுத்து ஐயமும், ஐயத்தைக் களையும் கருவிகளும், பின்னர் இருவர் கண்களும் உள்ளக் கருத்தை உணர்த்துதலும் முறையே கூறப்படுகின்றன. ஒப்பினை வலியுறுத்தும் நூற்பாவுக்கும் கண்கள் கலந்து பேசும் நூற்பாவுக்கும் இடையில் ஐயமும் தெளிவும் வைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. மெய்ப்பாட்டியல் தலைமக்கட்குரிய ஒப்பு பத்தெனக் கூறி, அவற்றுள் பிறப்பினை முதலாவதாக வைக்கிறது. உரையாசிரியர்கள் அதனைக் குடிப்பிறப்போடு இயைத்து விளக்குவது ஒரு நிலை. ஐயம் – தெளிவுத் துறைகளின் பின்னணியில் நோக்கின், மானுடப் பிறப்பு என்னும் பொது நிலையே எல்லா ஒப்புக்கும் அடிப்படையாதல் புலனாகும். தெய்வமகளுக்கும் மானுட மகனுக்கும் இடையே பிற ஒன்பது ஒப்புகளை ஆராய்வதற்கே இடமில்லை.

தெளிவின் கருவிகள்

ஐயம் களையும் கருவிகளாகத் தொல்காப்பியம் எட்டினைச் சுட்டி, அவைபோன்ற பிறவற்றுக்கும் இடம் தருகிறது. கூந்தற்பூவை மொய்க்கும் வண்டு, அணிந்துள்ள இழை, வள்ளி, சூடிய பூ, கண், தடுமாற்றமாகிய அலமரல், இமைப்பு, அச்சம் என்பன அவை. வள்ளி என்பது மேனியில் எழுதப்பட்ட தொய்யிற்கொடி என்பது உரைமரபு.

இவ்வெட்டையும் இரு கூறாக்கிக் காணலாம். இழையும் தொய்யிலும் மனிதக் கைகளின் வினைப்பாடுகள். ஒருவர் செய்த அணியை அணிந்தவளும் ஒருவர் எழுதிய கொடியை மேனியில் தாங்கியவளும் உறவும் ஊரும் உடையவள். அவளுக்குத் தோழி உண்டு; தாய் உண்டு; பின்னர் அலர் தூற்றப்போகும் ஊரும் உண்டு. களவு ஒழுக்கத்தின் பிற மாந்தர் அனைவரும் அந்த இழையிலும் தொய்யிலிலும் முன்னறிவிக்கப்படுகின்றனர் எனலாம். வண்டு, பூ, கண், அலமரல், இமைப்பு, அச்சம் ஆகிய ஏனையவை உயிருடம்பின் நிலையாமையோடு தொடர்புடையவை. பூ வாடும், வண்டு அதன் மணம் தேடி வரும், கண் இமைக்கும், உள்ளம் தடுமாறும், உடல் அஞ்சும்.

இவற்றுள் அச்சம் இறுதியில் நிற்பது ஆழ்ந்த நோக்கிற்குரியது. அவள் அணங்காயின் அஞ்ச வேண்டியவன் தலைவன். இங்கோ அஞ்சுபவள் அவள். தன்னைக் கண்டு ஒருத்தி அஞ்சுகிறாள் என்பதை உணர்ந்த அளவில், தான் அஞ்சத் தேவையில்லை என்பதைத் தலைவன் அறிகிறான். அச்சம் ஒருவரிடமிருந்து மற்றவர்க்கு இடம்மாறும் இக்கணத்தில் மெல்லிய நகையும் தோன்றுகிறது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நகைக்குரிய நிலைக்களன்கள் நான்கினை மெய்ப்பாட்டியல் கூறும். வீரமும் அறிவும் உடையவனாகப் போற்றப்படும் தலைவன், ஒரு பெண்ணின் முன் நின்று வண்டு வருகிறதா, பூ வாடுகிறதா என்று எண்ணிக்கொண்டிருக்கும் நிலை இளமையும் மடனும் கலந்தது. படிப்போர் அவன் பேதைமையை எள்ளுவதில்லை. அதனோடு உடன்பட்டு முறுவலிக்கின்றனர்.

குறளின் விடை

திருக்குறளின் 109ஆம் அதிகாரமான தகையணங்குறுத்தல் இதே ஐயத்தோடுதான் காமத்துப்பாலைத் தொடங்குகிறது. அணங்கோ, மயிலோ, மானுட மகளோ என நெஞ்சு மயங்குவதாக அமைகிறது 1081ஆம் குறள். ஆயின் தொல்காப்பியம் கூறும் வண்டு, பூ, இமைப்பு முதலிய கருவிகளைக் கொண்டு தெளிந்ததாக ஒரு குறளை வள்ளுவர் அமைக்கவில்லை. அடுத்த குறளில் தலைவி எதிர்நோக்கு நோக்கிவிடுகிறாள். பரிமேலழகர் இக்குறளை, மானுட மகளெனத் தெளிந்த தலைவன் அவள் நோக்கால் உற்ற வருத்தம் கூறியதாகக் கொள்கிறார். ஐயத்துக்கும் தெளிவுக்கும் இடையில் நிகழ்ந்தது அவளது எதிர்நோக்கு ஒன்றே. எனவே வள்ளுவரிடத்தில் தெளிவின் கருவியாக நிற்பது அந்நோக்கே எனக் கொள்ள இடமுண்டு. களவியலில் கருவிகளை அடுத்து வரும் கண்களின் உரையாடல், குறளில் கருவியின் இடத்துக்கே நகர்ந்துவிடுகிறது.

இங்கும் நகை உண்டு. அணங்கு அல்லள் எனத் தெளிந்த தலைவன் அமைதி கொள்வதில்லை. அவள் திரும்பி நோக்கியது, அணங்கு தன் படையோடு வந்து தாக்கியது போன்றது என்கிறான். 1083ஆம் குறளில், இதுகாறும் தான் அறியாத கூற்றினை இப்போது அறிந்ததாகவும் கூறுகிறான். அவள் தெய்வமகளாயின் உயிர் தப்பியிருக்கலாம், மானுட மகளாகிவிட்டதால்தான் தப்ப வழியில்லை என்னும் தொனி இவ்வரிசையில் அமைந்துள்ளது. உண்மை அணங்கு நீங்கிய இடத்தில் உவமை அணங்கு வந்து அமர்கிறது. அணங்கென்னும் அச்சப்பொருள் காதலின் மொழியாக மாறும் வழி இதுவே.

கோவையின் மூன்று அடையாளங்கள்

கோவை இலக்கியம் அகத்துறைகளை வரிசைப்படுத்திய காலத்தில் ஐயமும் தெளிதலும் தனித்தனிக் கிளவிகளாயின. நானூறு பாடல்களைக் கொண்ட மாணிக்கவாசகரின் திருக்கோவையாரில் காட்சி, ஐயம், தெளிதல் என்பன முதல் மூன்று துறைகள். தெளிதல் துறைப் பாடலில் தலைவன் தன் நெஞ்சை விளித்து, அவள் அணங்கு அல்லள் என உறுதி கூறுகிறான். அதற்கு அவன் காட்டும் காரணங்கள் மூன்று: கண் இமைக்கிறது, அடி நிலத்தில் தோய்கிறது, மலர் வாடுகிறது.

தொல்காப்பியப் பட்டியலில் உள்ள இமைப்பும் பூவும் இங்குத் தொடர்கின்றன. அடி நிலம் தோய்தல் அப்பட்டியலில் வெளிப்படையாக இல்லை. 'பிற' என நூற்பா திறந்து வைத்த வாயிலின்வழி நுழைந்தது எனலாம். எட்டு மூன்றாகச் சுருங்கியபோது மனிதக் கைவினைகளாகிய இழையும் தொய்யிலும் விடுபட்டன. எஞ்சியவை மூன்றும் உடலோடும் மண்ணோடும் காலத்தோடும் இயைந்தவை. இமைத்தல் உடலின் இயல்பு. நிலம் தோய்தல் மண்ணின் பிணைப்பு. வாடுதல் காலத்தின் தடம். இறைவனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட நூலிலேயே, காதற்குரியவள் தெய்வம் அல்லள் என்பது மகிழ்ச்சிச் செய்தியாக அறிவிக்கப்படுவது சுவை மிக்க முரண்.

தமயந்தியின் தெளிவு

இதுவரை கண்ட சான்றுகளில் ஐயுறுபவன் ஆண், ஆராயப்படுபவள் பெண். நளன் கதையில் இந்நிலை தலைகீழாகிறது. மகாபாரத வனபருவத்தின் நளோபாக்கியானத்தில் இந்திரன், அக்கினி, யமன், வருணன் ஆகிய நால்வரும் தமயந்தியை விரும்பி, அவளை விரும்பும் நளனையே தமக்காகத் தூது அனுப்புகின்றனர். பிறர் கண்ணுக்குப் புலனாகாமல் கன்னிமாடம் புகும் ஆற்றலும் அவனுக்குக் கிடைக்கிறது. தேவர்கள் மனிதக் காதலை வேண்ட, மனிதன் தேவரைப்போல் மறைந்து சென்று தன் போட்டியாளர்க்காகப் பேசும் இக்காட்சி நகைச்சுவைக்குரிய எல்லாக் கூறுகளும் கொண்டது. சுயம்வர மண்டபத்தில் நால்வரும் நளன் வடிவில் அமர, தமயந்தி ஐந்து நளன்களைக் காண்கிறாள்.

வடமொழிக் கதையில் தமயந்தி தேவர்களையே வேண்ட, அவர்கள் தம் இயல்பைக் காட்டுகின்றனர். வியர்வையின்மை, இமையாமை, வாடாத மாலை, தூசி படியாமை, நிலம் தீண்டாமை என்பன தேவர்க்குரிய அடையாளங்கள். நளனோ நிழலும் வியர்வையும் தூசியும் உடையவனாக, மாலை வாட, கண் இமைக்க, மண்ணில் நிற்கிறான்.

புகழேந்திப் புலவர் நளவெண்பாவின் சுயம்வர காண்டத்தில் இக்காட்சியை அமைக்கும்போது நிழலும் வியர்வையும் தூசியும் நீங்கிவிடுகின்றன. கண் இமைத்தல், அடி நிலத்தில் தோய்தல், மாலை வாடுதல் என மூன்று மட்டுமே நிற்கின்றன. இவை திருக்கோவையார்த் தெளிதல் துறையின் அதே மூன்று அடையாளங்கள், வரிசையும் அதுவே. வெண்பாவின் சுருங்கிய அளவு இத்தேர்வுக்கு ஒரு காரணமாகலாம். ஆயினும் அகமரபில் பயின்ற செவிக்கு இவ்வெண்பா சுயம்வர நிகழ்ச்சியாக மட்டும் ஒலிப்பதில்லை; தெளிதல் துறையாகவும் ஒலிக்கிறது. காப்பிய நிகழ்ச்சி அகத்துறையின் வடிவை ஏற்கிறது. அத்துறையைத் தன்னதாக்கிக்கொள்பவள் பெண். அறிந்தாள் என்னும் வினைக்கு உரியவள் தமயந்தி.

இம்மாற்றத்தால் தெளிவின் பொருளும் ஆழமாகிறது. களவியல் தலைவனுக்கு அணங்கு வெறும் ஐயம்; அவன் முன் உண்மையில் நிற்பவள் மானுட மகள் ஒருத்தியே. தமயந்தி முன் தேவர்கள் உண்மையாகவே அமர்ந்துள்ளனர். மூப்பும் சாவும் இல்லாத நால்வரையும் அவை இரண்டும் உள்ள ஒருவனையும் எதிரெதிர் வைத்து, அவள் மானுடனைத் தேர்கிறாள். தேவர்களால் நளனின் அழகைப் போலச்செய்ய முடிந்தது. அவன் மாலை வாடியதைப் போலச்செய்ய முடியவில்லை. அவர்களைக் காட்டிக்கொடுத்தது குறையின்மையே.

தெளியாக் காதலும் தடுமாறிய நாவும்

தெளிவு இல்லாத இடத்தில் நிகழ்வது என்ன என்பதற்கு மணிமேகலையின் பீலிவளை வரலாறு சான்றாகிறது. சோழன் நெடுமுடிக்கிள்ளி புகார்க் கானலில் தனித்து நின்ற ஒருத்தியைக் கண்டு காதலுறுகிறான். ஒரு திங்கள் உடனிருந்தும் அவள் தான் யாரென உரைக்கவில்லை. பின்னர்ச் சொல்லாமலே நீங்குகிறாள். அவள் நாகநாட்டு அரசன் மகள் என்பதை அவன் பிறர் வாயிலாகப் பிற்பாடே அறிகிறான். அவள் வாராள், அவள் மகனே வருவான் என்பதும் அப்போது தெரியவருகிறது. அம்மகன் வந்த மரக்கலம் கவிழ, மைந்தனைத் தேடும் துயரில் மன்னன் இந்திரவிழாவை மறக்க, புகாரைக் கடல் கொள்கிறது. காட்சியும் கூட்டமும் இங்கு உண்டு. இடையில் இருக்க வேண்டிய தெளிதல் இல்லை. அகமரபின் ஒரு துறை விடுபட்டதன் விளைவு ஒரு நகரின் அழிவு வரை நீள்கிறது.

இதற்கு எதிர்முனையில், மானிடர் அல்லாதவர் மானுட இயல்பை ஏற்பதால் காதல் கைகூடும் கதையாக விக்கிரமோர்வசீயம் அமைகிறது. தேவருலக நாடகத்தில் இலக்குமியாக நடிக்கும் ஊர்வசியிடம், உன் உள்ளம் யாரிடத்தது எனக் கேட்கப்படுகிறது. புருடோத்தமன் என விடையிறுக்க வேண்டியவள் தான் காதலிக்கும் மன்னன் புரூரவனின் பெயரைச் சொல்லிவிடுகிறாள். நாடக ஆசிரியராகிய பரதர் சபிக்கிறார். இந்திரன் அச்சாபத்தை மென்மையாக்கி, அவள் மண்ணுலகில் காதலனோடு வாழ வழி செய்கிறான். சாபமே வரமாகும் இந்நிகழ்ச்சி நாடகத்தின் இன்சுவைப் பகுதிகளுள் ஒன்று.

தொல்காப்பியம் சுட்டும் அலமரல் இங்குத் தெய்வமகளிடத்தே தோன்றுகிறது. கலையில் தவறாதவள் காதலால் தவறுகிறாள். அத்தவறே அவளை மண்ணுக்கு உரியவளாக்குகிறது. சிலப்பதிகார அரங்கேற்று காதையும் இந்திரன் மகன் சயந்தனோடு அகத்தியர் சாபம் பெற்ற ஊர்வசியின் வழிவந்தவளாகவே மாதவியை அறிமுகப்படுத்துகிறது. கதைகள் வேறாயினும், அரமகள் மண்ணுக்கு வருவது ஒரு சாபத்தின் வழியாகவே என்னும் அமைப்பு இரண்டிலும் பொதுவானது.

அடையாளமே வாயிலாதல்

வாடுதலையும் நிலம் தோய்தலையும் இம்மரபு போற்றுகிறது எனின், அவற்றின் விலையை அது மறந்துவிட்டதா என்னும் தடை எழலாம். நளன் கதையே இதற்கு விடையாகிறது. தமயந்தி மானுடனைத் தேர்ந்ததைப் பொறாத கலி, நளனைப் பற்ற உற்ற நேரம் பார்த்துக் காத்திருக்கிறான். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், நளன் காலைத் தூய்மை செய்வதில் நேர்ந்த சிறு குறையே கலி உட்புக வழியாகிறது. நிலத்தில் தோய்ந்ததால் எந்த அடி நளனைத் தமயந்திக்குக் காட்டியதோ, மண் படிந்ததால் அதே அடி அவனைக் கலிக்கும் காட்டிக்கொடுக்கிறது. காதலுக்கு வாயிலான மானுட இயல்பே துன்பத்துக்கும் வாயில்.

கதையின் இறுதியில் மீண்டும் ஓர் அடையாளம் காணல் நிகழ்கிறது. உருத்திரிந்து வாகுகனாய் வந்த நளனைத் தமயந்தி அவன் சமைத்த உணவால் அறிகிறாள். வடமொழிக் கதையில் அவன் நோக்கிய அளவில் வெற்றுக் குடங்களில் நீர் நிறைவதும், தாழ்ந்த வாயில் அவனுக்காக உயர்வதும் தோழியால் கண்டறியப்படுகின்றன. முதன்முறை மானுட அடையாளங்களால் அறியப்பட்டவன், இம்முறை தேவர் தந்த வரங்களின் அடையாளங்களால் அறியப்படுகிறான். ஆயினும் இரு கதைகளிலும் பொதுவாக நிற்பது உணவின் சுவை. அது கூடி வாழ்ந்தவர்க்கு மட்டுமே தெரிந்த அடையாளம், முதற்காட்சியில் கிடைக்காதது.

முடிவுரை

ஐயம், தெளிதல் என்னும் துறைகள் அழகின் மிகுதியைக் கூறுவதோடு அமையவில்லை. அணங்கு அச்சத்தின் நிலைக்களனாதலின், ஐயம் காதலுக்கும் அச்சத்துக்கும் இடைப்பட்ட எல்லையாகிறது. அதனைக் கடக்க உதவும் கருவிகள் யாவும் தெய்வநிலையோடு ஒப்பிடக் குறைகளாகத் தோன்றுபவை. அக்குறைகளைக் கண்ட பின்னரே தலைவன் மகிழ்கிறான். ஒப்பு என்னும் களவின் அடிப்படையும் அங்குதான் உறுதியாகிறது. வள்ளுவர் எதிர்நோக்கினைத் தெளிவாக்கினார்; கோவை மூன்று அடையாளங்களை நிலைநிறுத்தியது; நளவெண்பா அம்மூன்றினையும் ஒரு பெண்ணின் அறிவுக்குக் கருவியாக்கியது. தெளிவு விடுபட்ட பீலிவளை வரலாறும், தெய்வமகள் தடுமாறி மண்ணவளான ஊர்வசி கதையும் இம்முடிபை இரு மருங்கும் நின்று வலுவூட்டுகின்றன.

காதற்குரியவர் தெய்வம் போன்றவர் எனக் கூறுவது எம்மொழிக்கும் எளிது. அவர் தெய்வம் அல்லர் என்பதைக் கண்டு நெஞ்சுக்கு நற்செய்தியாகக் கூறுவதே தமிழ் அகமரபின் தனிநிலை. சூடிய பூ வாடிவிட்டது என்பது அம்மரபில் வருத்தத்துக்குரிய செய்தியன்று. அருகில் செல்லலாம் என்னும் இசைவு.